கோடு அசையாத ஞாயிறுகள்

ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி இருபது நிமிடம். முதலில் கண்ணில் பட்டது செருப்பு. கருவி அறையின் படிக்கு வெளியே, சுவரோரமாக, இரண்டும் ஒட்டினாற்போல் கழற்றி வைக்கப்பட்டிருந்தன. அதன் பிறகுதான் வெறுங்காலோடு நின்ற என் அண்ணனைப் பார்த்தேன்.

பின்னாளில் சென்னையில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் பல வருடம் உட்கார்ந்திருந்தேன். அங்கே முதல் வாரமே சொல்லிவிட்டார்கள்: எத்தனை மணி, என்ன பார்த்தாய், இரண்டையும் முதலில் எழுது, நீ என்ன நினைத்தாய் என்று யாரும் கேட்கவில்லை. அந்தப் பழக்கத்தில்தான் இந்த வாரக் கட்டுரையையும் தொடங்கியிருக்கிறேன். மணி சரியாக நினைவிருக்கிறது. வருடம் இல்லை. அறுபதுகளின் நடுப்பகுதி. அரிசிக்கு வரிசையில் நின்ற காலம். மாதம் மார்கழி, கோலார் தங்க வயலில் மார்கழிக் காலை என்றால் பேசும்போது வாயிலிருந்து புகை வரும்.

"உள்ள வரலாமா சரோ? கரண்டு கிரண்டு இஸ்துக்கப் போவுது."

"வாங்கண்ணே. செருப்ப போட்டுக்கினே வரலாம்."

"வேணாம். மெஷினு இருக்கற எடம்."

முனிசாமி அண்ணன் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தின் ஷாஃப்டில், ஆளிறங்கும் செங்குத்துக் குழியில், மரம் கட்டும் கூட்டத்தில் இருந்தார். பூமிக்கு அடியில் பாறை இறங்காமலிருக்க மரக்கட்டைகளை அடுக்கித் தாங்கு கொடுக்கிற வேலை. அப்பா நெஞ்சில் தூசி அடைத்து இறந்த பிறகு, கம்பெனி கொடுத்த வீடு எங்கள் கையில் நின்றது அண்ணன் அடியில் இறங்கியதால்தான். வீட்டில் அம்மா, நான், எனக்கு இளைய தங்கைகள் இருவர், மல்லிகாவும் சின்னவளும். அண்ணன் யார்மீதும் கை ஓங்கியதில்லை. கோபம் வந்தால் சோற்றில் மோரை ஊற்றிக்கொண்டு, தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார்.

அன்று அவர் சும்மா வரவில்லை. எங்கள் லைனில், அதாவது கம்பெனி வீட்டு வரிசையில், குழாயடியில் ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. வாரம் பூரா போதாதா, ஞாயிற்றுக்கிழமையும் ஆபீசா, அதுவும் ஓர் ஆணோடு தனியாக, என்று. அம்மா அதைக் கேட்டுவந்து அண்ணனிடம் சொல்லியிருக்கிறாள். அண்ணன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நேரில் பார்க்க வந்துவிட்டார்.

மேசையருகே என்னோடு வேலை பார்த்துக்கொண்டிருந்த கௌதமன் எழுந்து நின்றார்.

இரண்டு சாக்கெட், ஒரு சுவிட்ச்

சென்ற வாரம் எழுதியதைப் படித்த வாசகர் ஒருவர், பெண்களைச் சுரங்கத்துக்குள் இறக்கினார்களா என்று கேட்டிருக்கிறார். என் காலத்தில் இல்லை. நான் வேலை பார்த்தது தரைக்கு மேலே, ஷாஃப்டுக்கு எதிரே, தகரக் கூரை போட்ட ஓர் அறையில். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்திருந்தேன். டைப் அடிக்க என்று எடுத்தார்கள். கோடு வரையக் கை நடுங்காது என்று யாரோ சொல்லி, கருவி அறைக்கு அனுப்பினார்கள்.

அங்கே வேலை வால்வுகளை அளப்பது. பழைய ரேடியோவைப் பின்பக்கமாகத் திறந்து பார்த்தவர்களுக்கு வால்வு தெரியும். கண்ணாடிக் குப்பி, உள்ளே தகடுகள், நடுவில் சிவந்து எரியும் ஓர் இழை.

எங்கள் ஊரில் ஆழத்தில் பாறை வெடிக்கும். ராக் பர்ஸ்ட் என்ற சொல் எழுத்து வாசனை இல்லாத வீட்டிலும் புழங்கும். சமையலறையில் பாத்திரம் அதிர்ந்தால் பெண்கள் கைவேலையை நிறுத்திவிட்டு வாசலுக்கு வருவார்கள். வெடிப்பதற்கு முன்னால் பாறை முனகுகிறதா, முனகினால் எந்தப் பக்கம் என்று ஒட்டுக்கேட்கும் கருவிகளை அப்போது பல மட்டங்களில் பதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிறிய ஒலியைப் பெரிதாக்கும் பெட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரே குணமுள்ள இரண்டு வால்வுகள் வேண்டும். ஒன்று தெம்பாகவும் மற்றது சோம்பலாகவும் இருந்தால் பெட்டி தானாகவே இரையும். முனகியது பாறையா பெட்டியா என்று தெரியாது.

ஒரே பெயர், ஒரே அட்டைப்பெட்டி. இருந்தாலும் இரண்டு வால்வுகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

அதற்கான கருவியின் பெயர் கர்வ் ட்ரேசர். ஒரு வால்வின் குணத்தைக் கோடுகளாக வட்டத் திரையில் வரைந்து காட்டும். எங்களுக்கு வந்து சேர்ந்ததோ டிரான்சிஸ்டருக்காகச் செய்தது. வால்வு கேட்கும் அளவுக்கு அதில் வோல்டேஜ் கிடையாது. அதைத் திறந்து, கழித்துப்போட்ட ரேடியோ ஒன்றின் டிரான்ஸ்ஃபார்மரைச் சேர்த்து, பேட்டரிகளை அடுக்கி, வால்வை அளக்கும்படி மாற்றியவர் கௌதமன். முகப்பில் இரண்டு சாக்கெட் பொருத்தியிருந்தார். நடுவில் ஒரு சுவிட்ச். இடப்பக்கம் தள்ளினால் ஒரு வால்வின் கோடுகள். வலப்பக்கம் தள்ளினால் மற்றதன் கோடுகள். தள்ளும்போது திரையில் எதுவும் மாறாவிட்டால் அவை ஜோடி.

கோடுகள் பச்சை. ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, ஒரே பக்கம் சாய்ந்து ஏறும், காற்றில் வளைந்த கோரைப்புல் மாதிரி. நான் திரைமேல் கண்ணாடித்தாளை ஒட்டி, மெழுகுப் பென்சிலால் அவற்றின்மீது வரைவேன். வால்வு சூடாகும்போது கண்ணாடிமேல் படிந்த தூசி கருகும். வெல்லப்பாகு அடிப்பிடிக்கத் தொடங்குமே, அதற்குச் சற்று முன்னால் வருகிற மணம். இன்றும் எங்காவது அந்த மணம் வந்தால் என் வலது கையின் மூன்று விரல்கள் பென்சில் பிடிப்பதுபோல் தாமாகக் கூடிக்கொள்கின்றன.

ஜோடி என்ற சொல்லை வைத்து எல்லோரும் ஒரே கேலியைத்தான் செய்தார்கள். ஸ்டோரில் இருந்த எத்திராஜ் அதில் முதல் ஆள்.

"வால்வுக்கெல்லாம் ஜோடி பாக்கற. உனுக்கு எவன் பாக்கறது?"

"உங்க ஸ்டோர்லதான் ஸ்டாக் இல்லன்னு சொன்னாங்க."

"ஆர்டர் போட்டு வாங்கிடலாம், சைஸ் சொல்லு."

எத்திராஜ் கெட்டவர் இல்லை. வாயில் ஒன்று வந்தால் அதை உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாதவர். அவ்வளவுதான்.

கோவிந்தன் என்கிற கௌதமன்

கௌதமனைப் பற்றி நான் எழுதக்கூடிய விவரங்கள் இவை. உயரம் நடுத்தரம். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்திருப்பார். ஈயத்தால் கம்பிகளைப் பற்றவைக்கும்போது மூச்சை அடக்குவார். முடித்ததும் சேர்த்து விடுவார். என்னைவிட நான்கைந்து வயது பெரியவர். 'நீங்க' என்பார். நான் 'சார்' என்பேன்.

அவருடைய அப்பாவும் சுரங்கத் தொழிலாளிதான். ஊரில் பல குடும்பங்கள் புத்த மதத்துக்கு மாறிய காலத்தில் அவர்களும் மாறினார்கள். அதுவரை இவர் பெயர் கோவிந்தன். பள்ளிக்கூடத்தில் புதுப் பெயர் பதிந்துவிட்டது. அம்மாவின் நாக்கில் பதியவில்லை. மதியச் சாப்பாட்டைக் கொண்டுவந்து வேலிக்கு வெளியே நின்று, "கோயிந்தா!" என்று கூப்பிடுவார். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, "டேய் கௌதமா!" என்பார். உள்ளேயிருந்து இவர், "ரெண்டு பேரும் வர்றோம்மா!" என்று பதில் கொடுப்பார்.

எங்கள் வீட்டில் மாரியம்மன் படம். அவர்கள் வீட்டில் புத்தர் படம். சாதியும் வேறு. இரண்டு குடும்பமும் வட ஆற்காட்டிலிருந்து ஒரே காரணத்துக்காக ரயிலேறி வந்தவைதான். ஆனாலும் எங்கள் லைனும் அவர்கள் லைனும் வேறு வேறு. தண்ணீர் பிடிக்கும் குழாயும் வேறு.

சுற்றியதும் தாழ்ந்ததும்

முதல் சில மாதம் எங்கள் ஜோடிகள் பொய்த்துக்கொண்டே இருந்தன. காலையில் அச்சில் வார்த்ததுபோல் இருந்த இரண்டு வால்வுகளை மதியம் மாட்டிப் பார்த்தால் விலகியிருக்கும். கௌதமன் சாக்கெட்டை மாற்றினார். பற்றவைத்த இடங்களை மறுபடி பற்றவைத்தார். நல்ல வால்வுகள் பலவற்றைக் கெட்டவை என்று ஒதுக்கினோம்.

திரையை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். கோடுகள் விலகும் விதம் எனக்குப் பழகிப்போயிருந்தது. முதலில் வலது முனை சற்றுக் குறுகும். சில நொடி கழித்து, வால்வின் உள்ளே இழையின் சூடு குறைந்ததும், எல்லாக் கோடுகளும் சேர்ந்து மெல்லத் தாழும். பிறகு பழைய இடத்துக்கு ஏறும். சற்று ஓய்வு. மறுபடியும் தாழும். மதியம் இரண்டு மணிச் சங்கு ஊதிய பிறகு இது விடாமல் நடக்கும். அந்தத் தாளம் எனக்குத் தெரிந்த தாளம். எங்கள் லைனில் எந்த வீட்டுப் பெண்ணைக் கேட்டாலும் தெரியும்.

"சார், இது கேஜ்."

"இன்னா?"

"கேஜ் எறங்குது சார். ஷிஃப்டு மாறுற நேரம்."

ஆட்களை அடியில் இறக்கி ஏற்றுகிற இரும்புக் கூண்டுதான் கேஜ். அதை இழுக்கும் மோட்டார் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் சுற்றுவட்டாரத்து மின்சாரத்தை ஒரு விழுங்கு விழுங்கும். கௌதமன் என்னைப் பார்த்தார். பிறகு வெளியே ஓடினார். ஷாஃப்டின் உச்சியில் கயிற்றைத் தாங்கும் பெரிய சக்கரம் அங்கிருந்து தெரியும்.

"சுத்துது!" என்று கத்தினார்.

"தாழுது!" என்று நான் உள்ளேயிருந்து கத்தினேன்.

"நின்னுச்சு!"

"ஏறுது!"

சைக்கிளில் போன ஒருவர் தீப்பிடித்துவிட்டதென்று இறங்கி ஓடிவந்தார். எங்கள் இருவருக்கும் இடையே நடந்த பேச்சுகளில் மிக உரத்த பேச்சு அதுதான்.

மின்சாரத்தை ஒரே அளவில் நிறுத்தித் தரும் ஸ்டெபிலைசர் பெட்டி ஒன்று கல்கத்தாவிலிருந்து வர வேண்டும் என்றார்கள். வர மாதக்கணக்கு ஆகும். அதுவரை கேஜ் ஓடாத நாளில் அளப்பதுதான் வழி. ஞாயிற்றுக்கிழமைகளில் பம்பு ஆட்களுக்காக எப்போதாவது ஒருமுறை சக்கரம் சுற்றும், மற்றபடி நிற்கும்.

"ஞாயித்துக்கெழம வர முடியுமா உங்களால?"

"வர்றேன் சார்."

ஞாயிற்றுக்கிழமை என்பது முதலில் ஒரு சத்தமின்மை. ஆறு நாளும் காதில் இருந்த இரைச்சல் நின்றுவிடுவதால், மாதா கோயில் மணி, தூரத்துக் கறிக்கடைப் பேச்சு, கோரமண்டல் ஸ்டேஷன் பக்கமிருந்து வரும் ரயிலின் ஊதல், எல்லாம் தனித்தனியாகக் கேட்கும். தங்கம் பிரித்த பின் மிஞ்சிய மண்ணைக் கொட்டிய சயனைடு மேட்டின் வெள்ளைத் தூசி காற்றில்லாமல் அப்படியே படுத்திருக்கும். சூடான வால்வுகளின் மேல் இருவரும் உள்ளங்கையை நீட்டிக் குளிர் காய்வோம். அவர் கை ஒரு பக்கம், என் கை ஒரு பக்கம். திரையில் கோடு ஒரு மயிரிழை அசையாது.

அவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று நான் காத்திருந்தேன். அதற்குக் காலம் அதிகமில்லை என்றும் தெரியும். சுரங்கத்தின் ஆழத்தில் ஏதோ சோதனை நடத்த பம்பாயிலிருந்து வந்திருந்தவர்கள், அவர் மாற்றிய கருவியைப் பார்த்துவிட்டு, எங்களோடு வந்துவிடுங்கள் என்று கேட்டிருந்தார்கள்.

"போறீங்களா சார்?"

"யோசிக்கறேன்."

ஒவ்வொரு ஞாயிறும் அதே கேள்வி. அதே பதில்.

அண்ணன் திரையைப் பார்த்தது

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்த அண்ணன் முதலில் சுவரைப் பார்த்தார், பிறகு கூரையை, பிறகு எங்கள் இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே இருந்த தூரத்தை. கடைசியில்தான் திரைக்கு வந்தார்.

"இது இன்னா, சீப்பு மாதிரி?"

கௌதமன் விளக்கினார். சுவிட்சைக் காட்டி, "நீங்களே தள்ளிப் பாருங்கண்ணே" என்றார்.

அண்ணன் வேட்டியில் விரலைத் துடைத்துக்கொண்டு தள்ளினார். மறுபடி தள்ளினார்.

"ஒண்ணும் ஆவலியே?"

"ஒண்ணும் ஆவாததுதான் நல்லது. ரெண்டும் ஒரே மாதிரின்னு அர்த்தம்."

"தேவலயே! எங்க கேங்க்ல ரெண்டு ஆளு ஒரே மாதிரி கெடைக்க மாட்றானுங்க." சிரித்தார். பிறகு அதே சிரிப்போடு, "மத்த நாள்ல ஏன் ஆவாது?" என்று கேட்டார்.

கேட்க வந்த கேள்வி அதுதான்.

"மத்த நாள்ல நீங்க கேஜ்ல எறங்குவீங்கண்ணே. நீங்க எறங்கும்போது இந்தக் கோடு தாழும்."

அண்ணனின் சிரிப்பு நின்றது. "நான் எறங்கறது இங்க தெரியுதா?"

"தெரியுது. ஏறி வர்றதும் தெரியுது. உங்க தங்கச்சிதான் மொதல்ல கண்டுபுடிச்சாங்க."

அண்ணன் குனிந்து திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். பச்சை வெளிச்சம் அவர் மூக்கில் விழுந்தது. 

"அம்மா கிட்ட சொல்லு சரோ. சங்கு ஊதனா வாசல்ல வந்து நிக்குதே, அதுக்கு சொல்லு." பிறகு நிமிர்ந்து, "இத ஆடாம நிறுத்த வழியே கெடயாதா?" என்று கேட்டார்.

"ஒரு பெட்டி வரணும்ணே. கல்கத்தாலருந்து. அது வந்துட்டா ஞாயித்துக்கெழம வேல இருக்காது."

"எப்ப வரும்?"

"வரும்."

இதைச் சொல்லும்போது கௌதமன் கருவியின் பின்பக்கம் எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார்.

அண்ணன் திருப்தியோடு போனார். குழாயடிப் பேச்சுக்கு அன்று மாலையே அம்மா மூலம் பதில் போயிற்று. மறுநாள் மதியம் ஷாஃப்டில் தன் கூட்டாளிகளிடம் அண்ணன் சொல்லியிருக்கிறார்: மேலே ஒரு கோடு இருக்கிறது, நாம் இறங்கினால் அதற்குத் தெரியும். அவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கேஜின் கதவு மூடியதும் யாராவது ஒருவர், "தங்கச்சி, எறங்கறோம்!" என்று நெற்றியில் கை வைத்து சலாம் போடுவது வழக்கமாயிற்று. எல்லோரும் சேர்ந்து போடாவிட்டால் கேஜ்காரர் மணி அடிக்க மாட்டாராம். அண்ணன் வீட்டில் வந்து சொல்லுவார்.

அவர் மதிய ஷிஃப்டில் இருந்த வாரங்களில், இரண்டு மணிச் சங்குக்குப் பிறகு கோடு முதல்முறை தாழும்போது, நான் பென்சிலைத் தாளிலிருந்து எடுத்துக்கொண்டு, அது மறுபடி ஏறும்வரை காத்திருப்பேன்.

சாக்கில் தைத்த பெட்டி

பொங்கல் கழிந்து சில நாளில் மெழுகுப் பென்சில் வாங்க ஸ்டோருக்குப் போனேன்.

"இன்னாம்மா, ஸ்டெபிலைசரு நல்லா ஓடுதா?" என்றார் எத்திராஜ்.

"எந்த ஸ்டெபிலைசர்?"

"இன்னா இப்படி கேக்கற? தீவாளிக்கு முன்னாலியே வந்துச்சே. உங்க சாரே வந்து தோள்ல தூக்கி வச்சிக்கினு போனாரு. அம்மாம் வெயிட்டு! ஆள் கூப்புடறேன்னேன், வேணாம்னுட்டாரு."

திரும்பி வந்தபோது கௌதமன் அறையில் இல்லை. பழைய கேபிள் சுருள்கள் கிடக்கும் அலமாரியைத் திறந்தேன். சுருள்களுக்குப் பின்னால், அடித்தட்டில், சாக்கில் தைத்த ஒரு பெட்டி. தையல் பிரிக்கப்படவில்லை.

மணி நான்கு பத்து. அலமாரியை மூடினேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். பிறகு எழுந்து, அணைந்திருந்த திரையின் கண்ணாடியில் முகம் பார்த்து, காதோரத்து முடியை ஒதுக்கிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மூன்றாவது ஜோடியை மாட்டிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"ஸ்டெபிலைசர் எப்ப சார் வரும்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "வரும்."

"வந்துட்டா ஞாயித்துக்கெழம லீவு கெடைக்கும்."

வால்வை சாக்கெட்டில் செருகினார். இழை சிவக்கும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"லீவு வேணுமா உங்களுக்கு?"

"வேணாம்."

அடக்கி வைத்திருந்த மூச்சை அவர் விட்டது கேட்டது. காதல் என்று பிறர் எழுதும்போது வருகிற வசனங்களில் எனக்கு வாய்த்தது இந்த நான்கைந்து வரிதான். அந்த மாசியும் பாதிப் பங்குனியும் நான் எதையும் கேட்கவில்லை, பம்பாயைப் பற்றிக்கூட.

மோர்ச் சோறு

பங்குனியில் ஒரு சனிக்கிழமை. எனக்கு அரை நாள் வேலை. அண்ணனுக்குக் காலை ஷிஃப்ட். மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தவர், குளித்துவிட்டு, சோற்றில் மோரை ஊற்றிக்கொண்டு தலை நிமிராமல் சாப்பிட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன்.

நடந்தது இது. காலையில் கேஜுக்குக் காத்திருந்த வரிசையில் எத்திராஜும் ஏதோ சாமான் கணக்குக்காக நின்றிருக்கிறார். ஒருவர் வழக்கம்போல், கோட்டுக்கு சலாம் போடுங்கடா என்றிருக்கிறார். எந்தக் கோடு என்று எத்திராஜ் கேட்டிருக்கிறார். சொன்னார்கள்.

"அது ஆடாம இருக்கறதுக்குத்தான் பெட்டி வந்துடுச்சே, தீவாளிக்கு முன்ன," என்றிருக்கிறார் எத்திராஜ்.

"அப்ப ஞாயித்துக்கெழம இன்னா வேல?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஒருவன் சிரித்தான். பிறகு சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு கேஜின் கதவு மூடியது. ஷிஃப்ட் முடியும்வரை அண்ணன் அந்த ஆட்களோடுதான் மரம் தூக்கினார்.

கை கழுவிவிட்டு என்னிடம் சொன்னார்: "நாளைக்கு நீ போவேணாம். நான் போறேன்."

மறுநாள் காலை ஒன்பதுக்குப் போனவர் உச்சிப் பொழுதுக்குத் திரும்பினார். தங்கைகளை வெளியே அனுப்பிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார்.

"கேட்டான்."

"இன்னாண்ணே?"

"உன்னத்தான். நேராவே கேட்டான். சுத்தி வளைக்கல."

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"ஆள் மேல எனுக்கு கொற இல்ல சரோ. ஆனா நாளைக்கு மல்லிகாவ எவன் கட்டுவான்? சின்னவள எவன் கட்டுவான்? இந்த ரெண்டுக்கும் நீ பதில் சொல்லு. நான் சரின்னுடறேன்."

அம்மா உள்ளே அடுப்பை ஊதுவதை நிறுத்தியது கேட்டது.

"பொய் சொன்னான்ல, அதுகூடப் போவட்டும். நான் எறங்கறது தெரியுதுன்னு சொன்னான் பாரு, அது நெஜம். அந்த நெஜத்த வச்சிப் பொய் சொன்னான். அதான் எனுக்கு ஆறல."

திங்கட்கிழமை

திங்கட்கிழமை போனபோது மேசைக்குக் கீழே ஸ்டெபிலைசர் உட்கார்ந்திருந்தது. சாம்பல் நிறப் பெட்டி. மெலிதாக உறுமியது. பிரித்த சாக்கை நான்காக மடித்து அதன் அடியில் போட்டிருந்தார்.

காலை முழுதும் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை. இடப்பக்கம், வலப்பக்கம், அடுத்தது. இரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. நான் பென்சிலைத் தாளிலிருந்து எடுத்தேன். கோடு அசையவில்லை. வெளியே சக்கரம் சுற்றும் சத்தம் கேட்டது. கோடு அப்படியே இருந்தது. பென்சிலை மறுபடி வைத்து வரைந்தேன்.

"நல்லா வேல செய்யுது சார்."

"ம்."

அண்ணனிடம் இரண்டு கேள்விகள் இருந்தன. எனக்கென்று ஒரு கேள்வி மட்டும் இருந்தது. இரவு முழுக்க அதை எந்த வார்த்தைகளில் கேட்பது என்று பார்த்து வைத்திருந்தேன்.

"பம்பாய்ல பொம்பளைங்களுக்கு இந்த மாதிரி வேல கெடைக்குமா சார்?"

அவர் கையிலிருந்த வால்வைக் கீழே வைத்தார். நான் கேட்டது என்னவென்று அவருக்குப் புரிந்தது. புரிந்ததை மறைக்கவும் இல்லை. அவர் கண்கள் நேராக என்மேல் நின்றது அதற்கு முன் எனக்கு நினைவில்லை.

"கெடைக்கும்," என்றார். "உங்க கைக்குக் கண்டிப்பா கெடைக்கும்."

நான் காத்திருந்தேன்.

"ஆனா உங்கண்ணன் செருப்ப வெளிய கழட்டிட்டு வந்தாரு சரோஜா. அவர் கிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன். உங்கள சொல்லாம கூட்டிக்கினு போனா அது ரெண்டாவது. என்னால ஆவாது."

அவர் என் பெயரைச் சொன்னது அந்த ஒரு முறைதான்.

"நான் வர்றேன்னு நானே சொன்னா?"

"அப்பவும் அவர்தான் அந்தக் கேஜ்ல நிக்கணும். அவனுங்களோட."

வால்வை எடுத்து சாக்கெட்டில் செருகினார். இழை சிவந்தது. தூசி கருகும் மணம் வந்தது. மாலை ஐந்து வரை மிச்சமிருந்தவற்றை அளந்தோம். அன்று கிடைத்த ஜோடிகள் எல்லாம் நல்லவை. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

கௌதமன் வைகாசியில் பம்பாய்க்குப் போனார். அடுத்த தை மாதம் ஆம்பூரில் எனக்குத் திருமணம் நடந்தது. சின்னவளை இரண்டு வருடம் கழித்து ஆந்திரப் பக்கத்துக் குப்பம் ஊரில் கொடுத்தார்கள். மல்லிகா நர்ஸ் வேலைக்குப் படித்தாள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.